பத்து வெள்ளிக்கு ஒரு விவாதம்

மலேசியாவில், பெட்டாலிங் ஜெயா பழைய டவுனில், ஜாலான் ஒத்மான் சந்தைப் பக்கம் காலை ஏழு மணிக்கு உட்கார இடம் கிடைப்பது கஷ்டம். பெரியப்பா எங்கிருந்தோ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரவைத்தார். “பசியாறு தம்பி. மத்தியானச் சாப்பாட்டுக்கு நேரமாகும்” என்றார். காலை உணவுக்கு இங்குள்ள தமிழர்கள் சொல்வது பசியாறுதல். நம் பக்கத்தில் கீழக்கரை, காயல்பட்டினம் மாதிரி ஊர்களில் இன்னும் அந்தச் சொல் புழங்குகிறது. மதுரையில் அதைத் தொலைத்துவிட்டோம். ரொட்டி சானாயைப் பிய்த்துப் பருப்புக் குழம்பில் தோய்த்தபடி சுற்றிலும் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அன்று 2025 அக்டோபர் 10, வெள்ளிக்கிழமை. மாலை நான்கு மணிக்குப் பிரதமர் அன்வார் இப்ராகிம் அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தை நாடாளுமன்றத்தில் வைக்கப் போகிறார். நிதியமைச்சர் பொறுப்பும் அவரிடமே இருக்கிறது. மேஜைக்கு மேஜை அதே பேச்சுதான். வாடகைக் கார் ஓட்டும் ஒருவர் பெட்ரோலைப் பற்றிச் சொன்னார். செப்டம்பர் கடைசியிலிருந்து குடிமக்கள் அடையாள அட்டையைச் செருகினால் லிட்டர் 1.99, மற்றவர்களுக்கு 2.60. குடிமகனுக்கு மாதம் 300 லிட்டர் வரை. கடைக்காரருக்குக் குறைந்தபட்ச ஊதியக் கவலை. அந்த ஆண்டு அது 1,700 ஆகிவிட்டிருந்தது. காய்கறிக் கூடையோடு நின்ற ஒரு அம்மா, ஆகஸ்டு 31 முதல் 18 வயதைத் தாண்டிய எல்லாருடைய அடையாள அட்டையிலும் போட்ட 100 வெள்ளி மறுபடி வருமா என்று பெரியப்பாவிடம் கேட்டார். ரிங்கிட்டை இங்கே நம் ஆட்கள் வெள்ளி என்றுதான் சொல்கிறார்கள். ஒரு வெள்ளி அப்போது நம் கணக்கில் ஏறக்குறைய 21 ரூபாய்.

பெரியப்பா அந்த அம்மாவுக்குச் சொன்ன பதில் எனக்கு அப்போது விளங்கவில்லை. “சாயங்காலம் சொல்லுவாங்க அக்கா. ஆனா நவம்பர்ல கேக்கணும்.”

என் தாத்தாவின் தம்பி 1937இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலில் ஏறியவர். கிள்ளான் பக்கத்துத் தோட்டமொன்றில் பால்மரம் சீவினார். அவர் மகன்தான் இந்தப் பெரியப்பா. தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்தைந்து வயதிலும் காலையில் சந்தை வரை நடந்து வருகிறார். அவர் குடியிருக்கும் இந்த ஊரே ஒரு கித்தா காடாக இருந்தது. கோலாலம்பூரில் புறம்போக்குக் குடிசைகள் பெருகிப் போனதால், 1950களின் தொடக்கத்தில் எஃபிங்ஹம் என்ற ரப்பர் தோட்டத்தை எடுத்து அரசாங்கம் வீட்டுமனைகளாகப் பிரித்தது. அந்தக் குடியிருப்பு 2006இல் மாநகரமானது. இன்று கண்ணாடிக் கட்டடங்களும் மேம்பாலங்களுமாக நிற்கிறது. பழைய டவுனில் மட்டும் அந்த முதல் காலத்தின் தாழ்ந்த கூரைகள் கொஞ்சம் மிச்சமிருக்கின்றன.

நான்கு மணிக்கு வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சி முன்னால் எல்லோரும் கூடினோம். பெரியம்மா முறுக்கு மாவு பிசைந்துகொண்டே கேட்டார். தீபாவளிக்குப் பத்து நாள்தான் இருந்தது. மொத்தச் செலவு 419.2 பில்லியன் வெள்ளி, நம் கணக்கில் 41,920 கோடி வெள்ளி. அதில் 338.2 பில்லியன் சம்பளம், ஓய்வூதியம், வட்டி, மானியம் என்று அன்றாடத்துக்கே போய்விடும். புதிதாகக் கட்ட, போட, வாங்க 81 பில்லியன். நவம்பர் முதல் தேதியிலிருந்து சிகரெட் ஒன்றுக்கு 2 சென் கூடுதல் வரி, மதுவுக்கு 10 சதவீதம். 100 வெள்ளி உதவித்தொகை பிப்ரவரியில் மறுபடியும் உண்டு என்றதும் பெரியம்மா மாவுக் கையோடு நிமிர்ந்து பார்த்தார். சந்தையில் கேட்ட அம்மாவுக்கு விடை கிடைத்துவிட்டது.

பெரியப்பாவின் மடியில் பழுப்பு அட்டை போட்ட ஒரு கோடு நோட்டு. பேச்சு முழுக்க அதை அவர் திறக்கவே இல்லை. முடிந்ததும் ஏன் என்று கேட்டேன். என்னிடம் கொடுத்தார். ஆண்டுக்கு ஒரு பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று பத்தி: சொன்னது, கொடுத்தது, செலவானது. முதல் பத்தி நிறைந்திருந்தது. இரண்டாவதில் அங்கங்கே எண்கள். மூன்றாவது பெரும்பாலும் வெற்றிடம். எழுத்து பள்ளிக்கூடத்து எழுத்து, ஒவ்வொரு எண்ணும் கட்டத்துக்குள் நின்றது. தமிழ்ப்பள்ளிக் கட்டடம், இந்தியச் சிறு வணிகக் கடன், மித்ரா என்று வரிசைகள்.

மித்ரா என்பது இந்திய சமூக மேம்பாட்டுக்கென்று அப்போது பிரதமர் துறையில் இருந்த பிரிவு. ஆண்டுக்கு 100 மில்லியன், அதாவது 10 கோடி வெள்ளி என்பது அதற்குப் பழகிப்போன தொகை. ஒற்றுமைத் துறை அமைச்சுக்கும் பிரதமர் துறைக்குமாக அது மாறி மாறிப் போய் வந்திருக்கிறது. 2021இல் அந்தப் பணம் போன விதத்தை ஊழல் தடுப்பு ஆணையம் விசாரித்தது, சிலர் கைதும் ஆனார்கள். பெரியப்பா அந்த ஆண்டுப் பக்கத்தில் எண் எதையும் எழுதாமல் மூன்றாவது பத்தி நெடுகிலும் ஒரு கோடு மட்டும் இழுத்திருந்தார். பென்சிலை அழுத்தியதில் தாள் மறுபக்கம் வரை பதிந்திருந்தது.

“இன்னைக்குப் படிச்சது பேச்சு தம்பி. இனிமே கொள்கை விவாதம். அதுக்கு அமைச்சருங்க பதில் சொல்வாங்க. அப்புறம்தான் அமைச்சு அமைச்சா, தலைப்பு தலைப்பா எடுத்துப் பிரிச்சுப் பேசுவாங்க. அது வர நவம்பர் ஆயிடும். அப்ப சபையில ஆளும் இருக்காது, டிவியிலயும் யாரும் பாக்க மாட்டாங்க. நான் பாப்பேன்.” நாடாளுமன்றம் நேரலையாகப் போடுவதைக் கைப்பேசியில் பார்த்து, நள்ளிரவு வரை விழித்திருந்தும் குறித்துக்கொள்வாராம். நம்மூரில் மானியக் கோரிக்கை விவாதம் என்போமே, அதுதான். தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் காவல்துறை மானியக் கோரிக்கை என்றால் செய்தித்தாள் பக்கம் பக்கமாகப் போடும். நூலகத் துறை மானியக் கோரிக்கை எந்த நாளில் வந்து போனது என்று எனக்கே தெரியாது. நூலகங்களில் வளர்ந்தவன் நான். அந்த நோட்டைப் பார்த்தபோது அது உறுத்தியது.

செவ்வாய்க்கிழமை நாடாளுமன்றம் போனோம். முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தார். கூட்டரசு நெடுஞ்சாலையில் சிலாங்கூரும் கோலாலம்பூரும் பிரியும் இடத்தில் கோத்தா டாருல் ஏசான் வளைவைக் கடந்தோம். வெள்ளைக் கல் குவிமாடங்களோடு பெரிய அரண்மனை வாசல் மாதிரி நிற்கிறது. 1974 பிப்ரவரி 1 அன்று சிலாங்கூர் மாநிலம் கோலாலம்பூரைக் கூட்டரசுக்குக் கொடுத்துவிட்டது. அதன் நினைவாக 1982இல் எழுப்பியது. தலைநகரைக் கொடுத்த மாநிலத்துக்கு அந்த நகரத்தின் வரி வருமானமும் கைவிட்டுப் போனது என்பதை அந்த வளைவைப் பார்க்கும்போது யாரும் நினைப்பதில்லை. இதே நெடுஞ்சாலையில் கிள்ளான் போகும் வழியில் முன்பு இரண்டு சுங்கச் சாவடிகள் இருந்தன. பத்து தீகா, சுங்கை ராசாவ். 2018 ஜனவரி 1 அன்று எடுத்துவிட்டார்கள். அதற்கு முன் பல ஆண்டுகள் அந்த இரண்டு சாவடிக் காசைப் பற்றி இங்கே பேசாத வீடே இல்லை என்றார் பெரியப்பா.

நாடாளுமன்றக் கட்டடம் ஏரிப் பூங்காவுக்குப் பக்கத்தில் ஒரு மேட்டில் இருக்கிறது. 1963இல் திறந்தார்கள். உயரமான மாடிக் கோபுரம். அதன் சுவர் முழுக்க வெயிலைத் தடுக்க வைத்த கான்கிரீட் செதில்கள். அன்னாசிப் பழத் தோலை நேராக நிமிர்த்திவைத்தது போல இருக்கும். கைப்பேசியை வாசலில் கொடுத்துவிட்டுப் பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்தோம்.

மொழி மலாய். எனக்குப் பிடிபட்டவை எண்களும் ஊர்ப் பெயர்களும்தான். இங்கே உறுப்பினரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, தொகுதியைச் சொல்லித்தான். சபாநாயகர் அழைக்கும்போது காப்பார் எழுந்து நிற்கிறது, பத்து உட்காருகிறது, ஈப்போ பாராட் குறுக்கிடுகிறது. ஊர்களே எழுந்து பேசுவது மாதிரி எனக்குத் தோன்றியது. பெட்டாலிங் ஜெயா என்று ஒரு தடவை கேட்டபோது பெரியப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். மொத்தம் 222 தொகுதிகள். சபாநாயகருக்கு வலப்பக்கம் ஆளும் தரப்பு, இடப்பக்கம் எதிர்த்தரப்பு. கொள்கை விவாதம் என்பதால் எல்லோரும் தங்கள் தொகுதியின் மருத்துவமனை, சாலை, வெள்ளம் எல்லாவற்றையும் கிடைத்த நிமிடங்களுக்குள் திணிக்கப் பார்த்தார்கள். மாடத்தில் எங்களுக்கு முன் வரிசையில் பள்ளிச் சீருடையில் பிள்ளைகள். அதில் ஒரு பெண் தன் ஊர்ப் பெயர் வருமா என்று கடைசி வரை காத்திருந்தாள்.

இந்த மன்றத்தின் நிலை ஆணைகளில் ஒரு வழி இருக்கிறது. அதை எனக்குச் சொல்லும்போது பெரியப்பாவின் குரல் தணிந்துவிட்டது. ஒரு அமைச்சின் செலவை எடுத்துப் பேசும் கட்டத்தில், அந்த அமைச்சரின் சம்பளத்தில் 10 வெள்ளியைக் குறைக்க வேண்டும் என்று ஓர் உறுப்பினர் தீர்மானம் கொண்டுவரலாம். பத்து வெள்ளியால் கஜானா நிறையாது. ஆனால் தீர்மானம் எடுத்துக்கொள்ளப்பட்டால் அந்த அமைச்சு செய்ததையும் செய்யாததையும் பற்றிச் சபை பேசியாக வேண்டும், அமைச்சர் பதில் சொல்லியாக வேண்டும். நம் மக்களவையிலும் இதன் அண்ணன் இருக்கிறது. மானியத்தில் 100 ரூபாயைக் குறைக்கும் அடையாள வெட்டுத் தீர்மானம். கொள்கையையே ஏற்கவில்லை என்றால் மொத்தத் தொகையையும் ஒரு ரூபாயாகக் குறைக்கச் சொல்லலாம். இரண்டு நாடுகளும் லண்டனிலிருந்து எடுத்துக்கொண்ட பழக்கம் இது. கோடிகளைக் கேட்கும் அரசாங்கத்தை ஒரு தோசைக் காசுக்கு நிறுத்திவைத்துக் கேள்வி கேட்கலாம் என்ற ஏற்பாட்டின் மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு.

எண்ணிக்கை ஒன்றும் உண்டு, பதினைந்து. குரல் வாக்கெடுப்பில் ஒரு திட்டம் நிறைவேறியதாகச் சபாநாயகர் அறிவித்தால், தலைகளை எண்ண வைக்கப் பதினைந்து பேராவது எழுந்து நிற்க வேண்டும். 2020 நவம்பர் 26 அன்று முகிதீன் யாசின் அரசின் வரவு செலவுத் திட்டம் இப்படித்தான் முதல் கட்டம் தாண்டியது. அந்த அரசுக்குப் பெரும்பான்மை இருக்கிறதா என்று நாடே கேட்டுக்கொண்டிருந்த நேரம். எழுந்து நின்றவர்கள் பதின்மூன்று பேர். இரண்டு பேர் போதவில்லை. மூன்று வாரம் கழித்து, டிசம்பர் 15 அன்று கடைசி வாசிப்பில் எண்ணிப் பார்த்தபோது 111க்கு 108. பெரியப்பா அன்றைக்கு வீட்டில் தனியாக உட்கார்ந்து பார்த்திருக்கிறார். கொரோனா காலம். “அந்த ரெண்டு பேர் எந்திரிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்னு தெரியாது தம்பி. ஆனா எண்ணிப் பாத்திருக்கலாம்ல” என்றார்.

இந்த மன்றத்தில் எழுந்து நின்ற தமிழர்களைப் பற்றிப் பேச்சு போனது. ஈப்போவின் டி.ஆர். சீனிவாசகம், யாழ்ப்பாணத் தமிழ் வம்சம், வழக்கறிஞர். அமைச்சர் அப்துல் ரஹ்மான் தாலிப் லஞ்சம் வாங்கினார் என்று 1960களில் சபையில் குற்றம் சாட்டினார். உள்ளே பேசினால் வழக்கு போட முடியாது, வெளியே சொல்லிப் பார் என்று அமைச்சர் சவால் விட்டார். சீனிவாசகம் வெளியே வந்து அதையே சொன்னார். அமைச்சர் அவதூறு வழக்கு போட்டார், 1965இல் தோற்றார், பதவி விலகினார். 1959இல் பங்சார் தொகுதியிலிருந்து தொழிற்சங்கக்காரர் வி. டேவிட் வந்தார். இந்தப் பெயர்களை இங்கே இளைஞர்கள் பலர் கேள்விப்பட்டதில்லை என்று பெரியப்பாவுக்கு வருத்தம். எனக்கும் இந்தப் பயணத்துக்கு முன் சீனிவாசகம் யாரென்று தெரியாது.

மத்தியானம் பிரிக்ஃபீல்ட்ஸில் வாழை இலைச் சோறு. ஜாலான் துன் சம்பந்தன் முழுக்க தீபாவளிப் பந்தல்கள். சாப்பிட்ட கடையின் ரசீதில் 6 சதவீதம் சேவை வரி தனியாகப் போட்டிருந்தது. எதிரே பந்தலில் வாங்கிய அதிரசத்துக்கு ரசீதே இல்லை. ஆண்டுக்கு 15 லட்சம் வெள்ளிக்கு மேல் விற்கும் உணவுக்கடைதான் அந்த வரியை வாங்க வேண்டும். அந்த 6 சதவீதத்துக்கு இங்கே ஒரு பெரிய கதை இருக்கிறது. பொருள் சேவை வரி மசோதாவை 2009இலேயே கொண்டுவந்து, எதிர்ப்பால் தள்ளிப்போட்டு, 2014 ஏப்ரலில் 119க்கு 81 என்று நிறைவேற்றினார்கள். 2015 ஏப்ரல் 1 அன்று வந்தது. வணிகர்கள் கணக்கு மென்பொருள் வாங்கினார்கள், குடும்பங்கள் ரசீதை வரிவரியாகப் படித்தார்கள். 2018 மே 9 தேர்தலில் ஆட்சி மாறியதும் ஜூன் 1 அன்று அந்த வரி சுழியமானது. செப்டம்பர் 1இல் பழைய விற்பனை, சேவை வரிகள் திரும்பி வந்தன. 2017 ஜூலையில் நமக்கு ஜிஎஸ்டி வந்து ஓராண்டு நிறைவதற்குள் இங்கே அதைக் கழற்றிவிட்டார்கள். அரசாங்கம் நடத்தக் காசு வேண்டும், அந்த வரி போனபின் கஜானாவில் விழுந்த ஓட்டையை அடைக்க இன்னும் பாடுபடுகிறார்கள் என்பதும் உண்மை. 2025 ஜூலையில் விற்பனை வரியை விரித்தபோது இறக்குமதிப் பழங்கள் மேல் வைக்கப் போக, ஆப்பிளும் ஆரஞ்சும் பேரீச்சையும் கடைசி நேரத்தில் விலக்கு வாங்கின. ஆப்பிளுக்காகக் குரல் கொடுத்தவர்களை நான் குறைவாக நினைக்கவில்லை. வரியைப் பற்றி யாரும் பேசாத ஊரில்தான் எனக்குப் பயம்.

இந்தத் தெருவுக்குப் பெயர் தந்த வீ.தி. சம்பந்தன் வரவு செலவுக் கணக்குக்கு வெளியே ஒரு காரியம் செய்தவர். சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுக் கிளம்பின. வேலையும் லயன் வீடும் ஒரே நாளில் போன குடும்பங்கள் ஆயிரக்கணக்கில். அமைச்சராக இருந்துகொண்டே 1960இல் தேசிய நில நிதி கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தோட்டம் தோட்டமாகப் போய்த் தொழிலாளிகளிடம் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்து, தோட்டங்களையே விலைக்கு வாங்கினார். முதலில் வாங்கியது கெடாவில் புக்கிட் சிடிம். பெரியப்பாவின் அப்பாவும் பங்கு போட்டவர். அந்தக் காலத்துப் பத்து வெள்ளி சில நாள் கூலி. அதைக் கொடுத்த வாரம் வீட்டில் மீன் வாங்கவில்லை என்று பெரியப்பாவுக்கு நினைவிருக்கிறது.

சனிக்கிழமை ஜாலான் டெம்ப்ளர் நிலையத்தில் ரயிலேறிக் கிள்ளான் போனோம். சுபாங் ஜெயா, பத்து தீகா, ஷா ஆலம் என்று ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு போகின்றன. எங்கே தோட்டம் இருந்தது என்று கை நீட்டிக் காட்டிக்கொண்டே வந்தார். அங்கெல்லாம் பேரங்காடியும் அடுக்கு வீடுகளும் கிடங்குகளும். 1941இல் இந்த வட்டாரத்துத் தோட்டத் தொழிலாளிகள் கூலி உயர்வு கேட்டார்கள். துரையைப் பார்த்தால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற கட்டாயம் ஒழிய வேண்டும், கள்ளுக்கடையை மூட வேண்டும் என்றும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னின்ற ஆர்.எச். நாதனை நாடு கடத்தினார்கள். படையை இறக்கிச் சுட்டதில் ஐந்து பேர் செத்தார்கள். அவர்களுக்குப் பேச எந்த மன்றமும் இருக்கவில்லை.

அவர்களை இங்கே கொண்டுவந்த செலவுக்கும் ஒரு வரி இருந்தது. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி என்று தொடங்கி, தோட்ட முதலாளிகளிடம் தொழிலாளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்பத் தீர்வை வாங்கி, கப்பல் கூலிக்குச் செலவழித்தார்கள். பின்னாளில் அது தென்னிந்தியத் தொழிலாளர் நிதியானது. 1999இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு அதைக் கலைத்தது, சொத்து அரசாங்கத்துக்குப் போனது. பெரியப்பாவின் நோட்டில் 1999ஆம் ஆண்டுப் பக்கமும் உண்டு. சொன்னது என்ற பத்தியில் ஒன்றும் எழுதவில்லை.

கிள்ளானில் ஜாலான் தெங்கு கிளானா வழியாக நடந்து, பட்டாசும் பூவும் புடவையுமாக நெரிந்த கூட்டத்தைத் தாண்டி, வாடகைக் காரில் செம்பனைத் தோட்டத்து ஓரமாக அரை மணி நேரம் போனோம். அவர் வேலை பார்த்த பள்ளி. விடுமுறை. காவலுக்கிருந்த ஜாகாக்காரர் அடையாளம் தெரிந்து, “வாங்க சார்” என்று கேட்டைத் திறந்தார்.

தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்துவது முதலாளியின் கடமை என்று 1923 தொழிலாளர் சட்டம் சொன்னது. அதனால்தான் பள்ளிகள் தோட்டத்து நிலத்தில் முளைத்தன. நிலம் கம்பெனியுடையது என்பதால் பெரும்பாலான தமிழ்ப்பள்ளிகள் ‘பகுதி உதவி’ பெறுபவை. ஆசிரியர் சம்பளம் அரசாங்கம் தரும், கூரையும் கழிப்பறையும் முழு உதவிப் பள்ளிக்கு வருவதைப் போல வராது. கேட்க வேண்டும், காத்திருக்க வேண்டும். 2026 திட்டத்தில் கல்வி அமைச்சுக்கு 66.2 பில்லியன் வெள்ளி, மற்ற எந்த அமைச்சுக்கும் அவ்வளவு இல்லை. அந்தப் பெரிய எண்ணுக்கும் இந்தப் பள்ளியின் கூரைக்கும் நடுவே எத்தனை தலைப்பு, எத்தனை உட்தலைப்பு என்று பெரியப்பா விரல் விட்டு எண்ணிக் காட்டினார். நவம்பரில் அவர் விழித்திருப்பது அந்த உட்தலைப்பு ஒன்றுக்காக.

புதுக் கட்டடத்தின் பின்னால் பழைய மண்டபம். பலகைச் சுவர், தகரக் கூரை. உள்ளே சுவரில் கறுப்புச் சாயம் அடித்த பலகையில் வெள்ளை எழுத்தில் நன்கொடைப் பட்டியல். மேலே மூன்று நான்கு பெரிய தொகைகள். அதற்குக் கீழே பத்து வெள்ளி, ஐந்து வெள்ளி. இன்னும் கீழே போனால் தொகையே இல்லை: ஒரு நாள் கூலி, இரண்டு நாள் கூலி, ஆணி ஒரு பெட்டி, மணல் இரண்டு வண்டி. பெயர்களில் பாதி உதிர்ந்துவிட்டது. பெரியப்பா கைக்குட்டையால் ஒரு வரியின் மேல் படிந்த ஒட்டடையைத் துடைத்தார். அவருடைய அப்பா பெயர் இருந்தது. எதிரே, ‘கூலி மூன்று நாள்’.

சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, நோட்டைத் திறந்து, 2026க்கான பக்கத்தில் பள்ளியின் பெயரை முதல் வரிசையில் எழுதினார். பக்கத்தில் மூன்று பத்தியும் காலி. ஆறு மணி ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று ஜாகாக்காரர் ஞாபகப்படுத்தினார்.